கருகிய தட்டு

ஆஷ் கூலி, வடக்கு டகோட்டா
அக்டோபர் 16, 2018

வெல்டா,

இதைத் தாளில் எழுதுகிறேன். கணினியில் எழுதினால் யார் யார் கண்ணுக்குப் போகும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நேற்று மதியச் சாப்பாடு முடிந்து பெரிய தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி ஹால்வர்சன் கூப்பிட்டனுப்பினார். இந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நான் நிற்கும் பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷன் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கையில் ஒரு கட்டுத் தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'இறைச்சி போட்ட சில்லிக் குழம்பை ஆழமான பானையோடவே குளிர்பெட்டியில வெச்சுட்டேன். காலையில பார்த்தா நடுவுல இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. அத்தனையும் கொட்டிட்டேன். ஆபீஸ்ல கேட்டதுக்கு இறைச்சி லாரி வரலைன்னு சொல்லிட்டேன்.' இது நீங்க எழுதினதுதானே, ஆர்டிஸ்?"

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?" என்றேன்.

"அதுவா இப்ப முக்கியம்?"

எனக்கு அதுதான் முக்கியம். டிசம்பர் பத்தாம் தேதி பள்ளிக் குழு கூடுகிறது. சமையலறையைப் பூட்டிவிட்டு, எழுபது மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கம்பெனிச் சாப்பாட்டை லாரியில் வரவழைக்கலாமா என்று ஓட்டுப் போடப்போகிறார்கள். லாரியில் சிரிக்கிற சூரியன் படம் போட்டிருப்பானே, அதே கம்பெனிதான். அந்தத் தாளை அங்கே எல்லார் முன்னாலும் வைப்பாராம். நூற்றெண்பது பிள்ளைகளுக்கு ஆறிப்போன டப்பா. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுக்கு வழி.

அந்த வரிகளை நான் எழுதியது ஒரே ஓர் இடத்தில்தான். உன் குழுவில். "கட்டாயப் பயிற்சிக்கு நூற்றிருபது மைல் வண்டி ஓட்டி, தூங்கி வழிஞ்சுட்டு வராதே. நம்ம சமையல்காரங்க அறுபது பேரும் வியாழக்கிழமை மூணு மணிக்குக் கணினியிலயே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கலாம், அதையே பயிற்சி மணியாவும் ஏத்துக்குவாங்க" என்று போனில் இழுத்தவள் நீ. உதவி கேட்கிறவள் முதலில் அந்த வாரம் தன்னிடம் கருகிய தட்டைக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. அதிகாரி ஒருத்தரும் உள்ளே வர முடியாது என்று சத்தியம் செய்தவளும் நீ.

நீ மான்டானா போகும் முன் பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் நின்றோம். அதனால்தான் நேராகக் கேட்கிறேன். எதற்காகக் கொடுத்தாய்?

ஆர்டிஸ்


மெரினோ பெஞ்ச், மான்டானா
அக்டோபர் 23

ஆர்டிஸ்,

உன் கடிதத்தை அடுப்புக்கு முன் நின்றபடியே படித்தேன். கிரேவி அடிப்பிடித்தது. இந்த வாரம் என் கருகிய தட்டு உன் உபயம்.

கொடுத்தாயா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எதற்காகக் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். தீர்ப்பை எழுதிவிட்டு விசாரணைக்குக் கூப்பிடுகிற ஆளிடம் நான் என்ன சொல்ல?

இருந்தாலும் சொல்கிறேன். சேர வருகிற ஒவ்வொருத்தியையும் நானே போனில் கூப்பிடுவேன். "மசிச்ச உருளைக்கிழங்கை எந்தக் கரண்டியில அள்ளுவீங்க?" என்று கேட்பேன். "சாம்பல் கலர் கைப்பிடி" என்று மூச்சு விடுவதற்குள் சொல்கிறவளுக்குத்தான் கதவு திறக்கும். அளவுக்கு ஒரு கைப்பிடிக் கலர் என்பது பள்ளிச் சமையலறையில் நின்றவளுக்குத்தானே தெரியும். அதிகாரி வீட்டுக்காரி ஒருத்தி போன வருஷம் "பெரிய கரண்டியில" என்றாள். போனை வைத்துவிட்டேன். உன் ஹால்வர்சனுக்குச் சாம்பல் கைப்பிடி தெரியுமா? அந்த ஆள் தட்டில் விழுவதைத் தின்கிற ஜாதி.

சில்லியைக் கொட்டினாய், நல்லது செய்தாய். இறைச்சி லாரி மேல் பழி போட்டாயே, அதை நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன். அதை மறந்துவிட்டாய் போல.

வெல்டா


ஆஷ் கூலி
அக்டோபர் 30

வெல்டா,

கரண்டிக் கதை நன்றாக இருக்கிறது. வேலி எவ்வளவு உயரம் என்று சொல்லிவிட்டாய். வேலியே பயிரை மேய்ந்தால் யாரைக் கேட்பது?

சனிக்கிழமை துணி துவைக்கப் போட்டுவிட்டு, குழுவில் பழைய படங்களையெல்லாம் பார்த்தேன். ஆகஸ்டில் பில்லிங்ஸ் நகரத்தில் நடந்த சமையல்காரர் கூட்டத்துக்குப் போனாயே, அந்தப் படம். நீ கையில் காப்பியோடு சிரிக்கிறாய். உன் பக்கத்தில் ஒருத்தன். அவன் சட்டைப் பையில் சிரிக்கிற சூரியன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே சூரியன்தான். என் சமையலறையைப் பூட்டப் பார்க்கிற கம்பெனிக்காரனோடு நீ காப்பி குடித்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னாயா என்னிடம்?

இதில் நான் என்ன நினைக்க வேண்டும், நீயே சொல். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் எதில் தடுமாறுகிறது என்று அறுபது பேர் வாராவாரம் உன் காதில் ஓதுகிறோம். அந்தப் பட்டியல் ஒரு கம்பெனிக்குக் கிடைத்தால் எவ்வளவு சௌகரியம்!

நம் குழுவில் இருக்கிற போனியிடமும் ட்வைலாவிடமும் சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, எச்சரிக்காமல் இருக்க முடியாது. ட்வைலா என்ன சொன்னாள் தெரியுமா? "அதான் பார்த்தேன், எல்லாத்துக்கும் அவ ஏன் இவ்வளவு இனிப்பா கேள்வி கேக்கறான்னு."

உன்னைப் பற்றி அவள் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆர்டிஸ்


மெரினோ பெஞ்ச்
நவம்பர் 9

ஆர்டிஸ்,

நேற்று மூன்று மணிக்குப் பதினேழு பேர் வந்தார்கள். வழக்கமாக நாற்பது வரும். "யாருக்கு என்ன கருகிச்சு?" என்று கேட்டேன். பதினேழு பேருக்கும் ஒன்றும் கருகவில்லை. மான்டானாவிலும் டகோட்டாவிலும் பதினேழு சமையலறைகளில் ஒரு வாரம் முழுக்க ஒரு ரொட்டி கூடத் தீயவில்லையாம்! எல்லாரும் நன்றாக இருக்கிறார்களாம். கடைசியில் குளிர் எப்படி என்று பேசிவிட்டுக் கலைந்தோம்.

ஆறு வருஷமாகக் கட்டிய கூடு. நீ இரண்டு பேரிடம் சொன்னாய், அவ்வளவுதான்.

அந்தச் சூரியன் சட்டைக்காரனைப் பற்றி. அவன் என்னிடம் வந்து, "எங்க சமையல்காரங்களுக்கும் நீங்க கத்துக்குடுங்களேன்" என்றான். உன்னிடம் சொல்லாதது தப்புத்தான். சொன்னால் நீ இப்படித்தான் நினைப்பாய் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். இன்னும் ஒன்று சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு உன் சந்தேகத்துக்கு நெய் ஊற்றிக்கொள். நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். என் முழங்கால் வலிக்கு உட்கார்ந்த வேலை நன்றாகத்தான் இருந்திருக்கும். பிறகு மாட்டேன் என்றேன். அவனுக்கு ஒரு வரி, ஒரு தாள் கொடுத்ததில்லை.

நம்பு, நம்பாமல் போ.

வெல்டா


ஆஷ் கூலி
நவம்பர் 13

வெல்டா,

ஒரு வாரம் யோசித்தாயா? ஒரு வாரத்தில் எவ்வளவோ நடக்கும்.

என்னைப் பைத்தியக்காரி என்று நினைக்காதே. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நேற்று ஹால்வர்சன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை அந்தத் தாள்கட்டை மேஜை மேல் வைத்திருந்தார். தொட விடவில்லை, ஆனால் கண்ணை யார் தடுப்பது? நாற்பது பக்கத்துக்குக் குறையாது. முதல் பக்கத்தில் ஒரு தக்காளிச் சாந்துக் கறை, கட்டைவிரல் அகலம். ஆக, அடுப்பங்கரையில் வைத்துப் புரட்டிய தாள். கம்பெனி ஆபீஸில் ஏது தக்காளிச் சாந்து? வலது மூலையில் பெரிய பின் அடித்திருந்தது. ஓரங்களெல்லாம் தட்டி ஒழுங்காக அடுக்கியிருந்தது. நான் எழுதியது மட்டும்தான் அதில். வேறு யார் எழுதியதையும் அவர் படிக்கவில்லை. எடுத்தவளுக்கு என்னைத்தான் வேண்டியிருந்திருக்கிறது.

சமையலறையில் நின்றுகொண்டு, என்னை மட்டும் குறிவைத்து, இவ்வளவு பதவிசாக அடுக்கத் தெரிந்த ஆள் யார், வெல்டா? நீயே எனக்குத் தாள் அடுக்கக் கற்றுக்கொடுத்தவள்.

இனி எழுதாதே. டிசம்பர் பத்தை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆர்டிஸ்


மெரினோ பெஞ்ச்
நவம்பர் 19

ஆர்டிஸ்,

எழுதாதே என்றாய். இரண்டு விஷயம் இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

முதல் விஷயம் ஜோலின். செப்டம்பரில் சேர்ந்த சின்னப் பெண். நாற்பத்தோரு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் தனி ஆளாகச் சமைக்கிறாள். போன வியாழன் அங்கே நன்றி நாள் விருந்து. பிள்ளைகளோடு தாத்தா பாட்டிகளும் வந்து உட்காருகிற சாப்பாடு உனக்குத் தெரியுமே. வான்கோழிகள் முதல் நாளும் நடுவில் பனிக்கட்டியாகவே இருந்திருக்கின்றன. என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நம் குழுவில் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் இருபது பேர் பச்சைத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றச் சொல்லியிருப்போம். கேட்கவில்லை. அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டாள். வெளியே பொன்னிறம், உள்ளே ரத்தம். ஊரே தட்டோடு உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாளாம். எனக்குப் போன் போட்டு அழுதாள்.

"ஏம்மா, புதன்கிழமையே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"அங்க எழுதினா அதிகாரிக்குப் போயிடும்னு போனி சொன்னாங்க. ஆஷ் கூலியில ஒருத்தருக்கு வேலையே போகப்போகுதாமே. எனக்கு இது முதல் வேலைங்க" என்றாள்.

அந்தப் பெண் பச்சை மாமிசத்தைப் பரிமாறாமல் விட்டாளே, அது வரைக்கும் புண்ணியம்.

இரண்டாவது விஷயம் உன் பின். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பன்னிரண்டு வருஷம் உன் வெப்பநிலைத் தாள்களை நான் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே சேர்த்தேன். உலகத்தில் எல்லாரும் இடது மூலையில் பின் அடிப்பார்கள், நீ மட்டும் வலது மூலையில். புரட்டினால் உன் தாள் மட்டும் முறைத்துக்கொண்டு திறக்காது. ஏனென்றால் நீ இடக்கைக்காரி.

எனக்கு நீ யார் மேலும் பழி சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. பயிற்சி மணிகளுக்கு அத்தாட்சியாக நான் ஆளுக்கு ஒரு தாள்தான் அனுப்பினேன். இத்தனை மணி நேரம் பங்கெடுத்தார் என்று என் கையெழுத்தோடு ஒரே ஒரு தாள். செப்டம்பரில் உன் ஆபீஸில் நீ எதைக் கொடுத்தாய்?

வெல்டா


ஆஷ் கூலி
டிசம்பர் 11

வெல்டா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடுப்பில் போட்டேன். இது எரியாமல் தபாலுக்குப் போனால் பார்.

உன் கேள்வியைப் படித்ததும் கோபம்தான் முதலில் வந்தது. கோபம் இறங்கியதும் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஆபீஸுக்குப் போனேன். காரியதரிசி க்ளெண்டாவிடம் கேட்டேன்.

"என் பயிற்சித் தாளெல்லாம் எங்க, க்ளெண்டா?"

"மேல அனுப்பிட்டேனே. எல்லாரும் ஒரு தாள் குடுத்தாங்க. நீ மட்டும் நாப்பத்தோரு பக்கம் கொண்டாந்து மேஜையில பொத்துன்னு வெச்சே. ஞாபகமில்லையா? 'நல்லா படிச்சுப் பாருங்க, ஒரு மணி நேரமும் ஏமாத்தலை'ன்னு வேற சொல்லிட்டுப் போனே."

"நீயும் படிச்சியா?"

"படிக்காம? பாஸ்கெட்பால் பசங்க சூப்பை உப்புன்னு துப்பினப்ப நீ பாத்திரக் கூடத்துல போய் அழுதேன்னு எழுதியிருந்தியே, எனக்கும் அழுகை வந்துடுச்சு."

வெல்டா, நான்தான் கொடுத்திருக்கிறேன். நூலகத்துக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் கேட்டு, நான் எழுதியது அத்தனையையும் அச்செடுத்து, அன்றைக்குப் பீட்சாவுக்குச் சாந்து கிண்டிய கையாலேயே அடுக்கி, பின் அடித்து, நானே கொண்டுபோய் வைத்தேன். ஏன் தெரியுமா? நீ அனுப்பிய ஒற்றைத் தாளைப் பார்த்து, இதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் நம்ப மாட்டேன். ஆபீஸில் கொடுக்கிற தாள் அலமாரியில் தூங்கும் என்பதுதான் இத்தனை வருஷமாக நான் கண்டது. அதனால் கொடுத்த கையோடு மறந்தும் போனேன். இந்த ஒரு தடவை யாரோ தட்டி எழுப்பிவிட்டார்கள். அதற்கு உன்னைத் திருடி என்றேன்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். கூட்டம் முடியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

நேற்றுக் கூட்டம். உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே வந்திருந்தது. சூரியன் சட்டைக்காரன் முன் வரிசையில். ஹால்வர்சன் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தார். சில்லி, ஆழமான பானை, லாரி மேல் சொன்ன பொய், எல்லாம். என் முதுகை ஊர் மொத்தமும் பார்ப்பது தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"நான் எழுதினதுதான். பொய் சொன்னது தப்பு. இறைச்சி லாரி ஓட்டுற டெனிஸ் அங்க உக்காந்திருக்கார், அவர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா பதிமூணாம் பக்கத்தையும் படிச்சிடுங்க, ஐயா."

அவர் படிக்கவில்லை. நானே வாங்கிப் படித்தேன். கையை நீட்டினேன், கொடுத்துவிட்டார். நீங்கள் எல்லாரும் அந்த வியாழக்கிழமை என்னைக் கேட்ட கேள்விகளுக்கு நான் வரிசையாக எழுதிய பதில். பானை எவ்வளவு ஆழம்? மூடி போட்டாயா? குளிர்பெட்டியில் எத்தனை மணிக்கு வைத்தாய்? யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை, யாரும் உபதேசமும் செய்யவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பதில் எழுத எழுத, தப்பு எங்கே என்று எனக்கே தெரிந்தது. பதினான்காம் பக்கத்தில் தட்டையான தட்டுகளில் பரப்பியதும் ஐஸ் தண்ணீரில் வைத்ததும். பதினைந்திலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு சில்லி நாளும் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு என்று.

பள்ளிக் குழுவில் ஆர்வில் என்று ஒரு கோதுமை விவசாயி இருக்கிறார். சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் சட்டைக்காரனைப் பார்த்து, "உங்க ஆளுங்க கொட்டினதை எங்க எழுதி வெச்சிருக்கீங்க?" என்றார்.

"எங்ககிட்ட அப்படி எதுவுமே நடந்ததில்லைங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு வருஷமாங்க."

"பதினஞ்சு வருஷமா ஒண்ணும் கருகலையா? அப்ப நீங்க சமைக்கவே இல்ல தம்பி, இல்லன்னா சொல்ல மாட்டேங்கறீங்க. என் பேத்தி அதை எப்படிச் சாப்பிடுவா?"

கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உன் பதினேழு பேர் ஞாபகம் வந்தது.

நான்கு பேர் எங்களுக்கு, மூன்று பேர் லாரிக்கு. ஒரு வருஷத்துக்குச் சமையலறை இருக்கும். பொய்க்காக என் கோப்பில் எழுத்தில் ஒரு கண்டிப்பு. அதில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கம் கை தூக்கிய நான்காவது ஆள் ஏன் தூக்கினான் என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

போனிக்கும் ட்வைலாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஜோலினிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் வான்கோழி என் கணக்கில்தான் சேரும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். உன்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை இங்கே எழுதினால் தாள் கிழிந்துவிடும் போல இருக்கிறது. அதனால் அங்கேயே எழுதுகிறேன்.

ஆர்டிஸ்


மெரினோ பெஞ்ச்
டிசம்பர் 17

ஆர்டிஸ்,

வியாழக்கிழமை நான் ஏன் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இந்த வாரம் என் கருகிய தட்டு: பன்னிரண்டு வருஷத் தோழியைத் திருடி என்று சொன்னேன். கொடுத்தது நானே" என்று நீ எழுதியதும் முதல் ஆளாக ஜோலின் கேட்டாள்: "மறுபடி இப்படி நடக்காம இருக்க என்ன செய்வீங்க?" நம் வழக்கப்படி கேட்டுவிட்டாளே, கெட்டிக்காரி. "அடுத்தவ மேல கையை நீட்டறதுக்கு முன்னால என் ஆபீஸ் அலமாரியைத் தேடுவேன்" என்று நீ எழுதினாய். அதற்குப் பிறகு வான்கோழிப் படத்தை அவளே போட்டாள். அப்புறம் ட்வைலாவின் உப்பு போடாத ரொட்டி, போனியின் கரித்துண்டு மீன். ஐந்து மணி ஆகியும் நிற்கவில்லை. முப்பத்தொன்பது பேர், முப்பத்தொன்பது கருகல். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் ஒன்றும் நறுக்கவில்லை.

எனக்கு வலி இன்னும் போகவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அது தன் பாட்டுக்கு ஆறட்டும். தட்டையாகப் பரப்பி வைத்திருக்கிறேன், சீக்கிரம் ஆறும்.

பள்ளி விடுமுறையில் என் வீட்டுக்காரர் லைலை வண்டி ஓட்டச் சொல்லி உன் பக்கம் வரலாம் என்று இருக்கிறேன். சில்லியும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் செய்து வை. சுடச்சுட வேண்டும், குளிர்பெட்டிப் பக்கமே போகக் கூடாது.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. உன் கடைசிக் கடிதம் நாலு தாள். பின் இடது மூலையில் அடித்திருந்தாய். யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்? அடுத்த தடவை உன் மூலையிலேயே அடி. நீதான் எழுதியது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

வெல்டா